வாசலோட திரும்பிட்டேன்

வேண்டாம்மா, நீ சாப்பிடு. பிஸ்கட் எனக்கு நெஞ்சைக் கரிக்கும். பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றவ வயித்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காளேன்னுதானே பாக்குற? பசிதான். மறைச்சு என்ன ஆகப்போகுது. கூடப் பொறந்த தம்பி மக கல்யாணம். நான் பந்தியில உக்காராம, பச்சத்தண்ணி பல்லுல படாம வந்து இந்த பஸ்சுல ஏறிட்டேன்.

நீ எங்க எறங்கணும்? அருப்புக்கோட்டையா? நான் அதுக்கு முன்னாடியே பாளையம்பட்டி. ஒரு மணி நேரம் இருக்கு. சொல்றேன், கேட்டுட்டு நீயே சொல்லு.

எனக்குப் பத்திரிகை எப்படி வந்துச்சு தெரியுமா? தபால்ல. தபால்காரன் கேட்டுல சொருகிட்டுப் போறான். மூத்த அக்காவுக்கு, தட்டுல வெத்தலபாக்கு வச்சு, புருசனும் பொண்டாட்டியுமா வந்து குடுக்கணும். சரி, பொண்டாட்டி இல்ல, போயிட்டா. இவனாவது வரலாம்ல? பாளையம்பட்டிக்கும் அவன் வீட்டுக்கும் மூணு கிலோமீட்டர். பெயிண்டுக் கடை வச்சிருக்கான், பைக் வச்சிருக்கான். அஞ்சு ரூவா ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கான் எந்தம்பி வேல்மயிலு. அதையும் நான் முழுங்கிக்கிட்டேன். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. காலையில முத பஸ்ஸப் பிடிச்சு, அரைப் பவுன் மோதிரத்தோட மதுரைக்குப் போய் நிக்கிறேன்.

மேடை ஏறுறேன். மணப்பொண்ணு சர்மிளா, என் தம்பி மக, என்னையப் பாக்குறா. பாத்துட்டு பக்கத்துல நின்ன சிநேகிதிகிட்ட கைய நீட்டுறா. அவ எதையோ எடுத்துக் குடுக்குறா. என்னான்னு நெனைக்கிற? முகமூடி. அந்தக் கொரோனா காலத்துல போட்டுத் திரிஞ்சோமே, அது. எம்புட்டு சனம் இருக்கு மண்டபத்துல! அம்புட்டுப் பேரு முன்னாடியும் போடாம இருந்துட்டு, அத்தை நான் மேடையேறினதும் தாலி ஏறுன பொண்ணு முகமூடிய மாட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் கூப்பி, "வாங்கத்தை"ன்னா. போட்டோக்காரன் கேமராவை எறக்கிட்டான். மாப்பிள்ளை பய முழிக்கிறான். மோதிரத்தை அவன் கையில குடுத்துட்டு எறங்குனேன். எறங்குன காலோட பஸ் ஸ்டாண்டு.

இப்படி ஒரு புள்ளையப் பெத்து வளத்திருக்கா பாரு. செத்தவளைச் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்லுவேன்.

செத்தவ பேரு செல்வக்கனி. தம்பி பொண்டாட்டி. நான்தான் பொண்ணு பாத்துக் கட்டிவச்சேன், சாத்தூர்ப் பக்கம். வாயில்லாப் பூச்சி. எதிர்த்து ஒரு சொல்லு பேச மாட்டா. எதைச் சொன்னாலும் "சரி மதினி". குழம்புல உப்பு கூடம்பேன், "சரி மதினி". கொறச்சலும்பேன், "சரி மதினி". உப்பு அதே உப்புதான். மனுசின்னா ஒரு ரோசம் வேணாம்? அதனாலேயே எனக்கு அவளைக் கண்டா எரிச்சலா வரும்.

அவளுக்கு ரத்தத்துல புத்து வந்துச்சு. கேன்சர்மா. கொரோனா வந்த ரெண்டாவது வருசம், எல்லாரும் ஈசல் கணக்கா விழுந்தாங்களே, அதுக்கு நாலு மாசம் முந்தி. மதுரையில காட்டி, ஊசி ஏத்திட்டு இருந்தாங்க. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. டாக்டர் என்னமோ சொன்னாராம். இந்த ஊசி போட்டா ரத்தத்துல எதிர்த்து நிக்கிற சக்தி எறங்கிப் போயிரும், மத்தவங்களுக்குக் கொரோனா வந்தா காய்ச்சலோட போனாலும் போயிரும், இந்த மாதிரி ஆளுகளுக்கு வந்தா உசுரு தங்குறது கஷ்டம், அதனால ஒரு ஈ காக்காவை வீட்டுக்குள்ள விடாதீங்கன்னு. டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. அதுக்காகச் சொந்தபந்தத்தை வெட்டிவிட முடியுமா?

இந்த சர்மிளா இருக்காளே, மருந்துப் படிப்பு படிச்சவ. டாக்டர் இல்ல, நல்லாக் கேட்டுக்க. மாத்திரை எண்ணிக் குடுக்குற படிப்பு. அதுக்கு அவ பண்ணுன பவுசு இருக்கே! வெளிக்கேட்டுல குறுக்க ஒரு கயிறு கட்டிட்டா. அதுல ஒரு அட்டை. "அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறது. யாரும் உள்ளே வர வேண்டாம். போனில் பேசவும்." கீழ ஒரு பிளாஸ்டிக் வாளி. குடுக்க வந்ததை அதுல வச்சுட்டுப் போயிரணுமாம். கோயில் உண்டியலா அது?

நம்ம பக்கத்துல ஒருத்தருக்கு முடியலைன்னா எப்படிம்மா? போய்ப் பாப்போம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளும் ஒரு ரொட்டியும் வாங்கிட்டுப் போய் கட்டில் ஓரத்துல உக்காந்து, கையப் பிடிச்சு, "என்னத்தா இப்படி ஆயிட்ட"ன்னு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடுவோம். பாக்காம இருந்தா அது ஆயுசுக்கும் நிக்கும். "நான் படுத்துக் கெடந்தப்ப எட்டிப் பாத்தியா"ன்னு நாளைக்கு நாக்கைப் பிடுங்குற மாதிரி கேப்பாங்க. நல்லதுக்குப் போகலைனாலும் கெட்டதுக்குப் போகணும்னு சும்மாவா சொன்னாங்க? எங்க சாதிசனத்துல எவ வீட்டுல யாரு படுத்தாலும் முத ஆளா போய் நிக்கிறவ இந்தத் தங்கபுஷ்பம். எவனும் குத்தம் சொல்ல முடியாது.

நானும் ரெண்டு தடவை போனேன். கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவ ஜன்னல்ல வந்து, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, "நல்லாருக்கீங்களா மதினி"ங்குறா. மிருகக்காட்சிசாலையில கொரங்கப் பாக்குற மாதிரி. சர்மிளா முகமூடியும் கையுறையுமா வந்து, "அத்தை, அங்கேயே நில்லுங்க, தப்பா எடுத்துக்காதீங்க"ங்குறா. தப்பா எடுத்துக்காம வேற எப்படி எடுத்துக்கிறது?

அதுவும் போகட்டும். எங்க ஓரகத்தி ஒருத்தி இருக்கா, என் கொழுந்தன் பொண்டாட்டி. தேள் கொடுக்கு. தண்ணிக் குழாயில வச்சு, நாலு பேரு நிக்கையில கேக்குறா: "ஏக்கா, ஒனக்கே கதவு தொறக்கலையாமே? மூத்த நாத்தனாளையே வாசல்ல நிப்பாட்டிட்டாகளாமே?" எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

அந்த வாரம் பந்தல்குடியில எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் தவறிட்டான். கேதத்துக்குப் போனேன். ஊரடங்குதான், இருந்தாலும் மினி லாரியில பத்துப் பதினஞ்சு பேரு போனோம். கேதத்துக்குப் போகாம இருக்க முடியுமா? அவன் ரெண்டு நாளா மூச்சு முட்டித்தான் கெடந்தானாம். வெளிய நெஞ்சுவலின்னு சொன்னாங்க. இல்லைன்னா பொணத்தைத் தொட விடமாட்டாங்கல்ல? நான் கட்டிப்பிடிச்சு அழுதேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வந்துச்சு, அது வெயிலுக்கு.

எனக்கும் மூணாம் நாள் லேசா மேலு வலிச்சுச்சு. தொண்டை கரகரன்னுச்சு. அக்னி நச்சத்திரத்துல யாருக்குத்தான் வலிக்கல? மிளகுக் கசாயம் போட்டுக் குடிச்சேன். அது தண்ணி மாதிரி இருந்துச்சு. மிளகுலகூடக் கலப்படம் பண்றானுங்க, என்ன நாடு இது.

அப்ப எனக்குச் சேதி வருது, தம்பியும் சர்மிளாவும் காலையில பைக்குல மதுரைக்குப் போறாங்க, ஏதோ மாத்திரை இங்க கெடைக்கலயாம், திரும்ப மத்தியானம் ஆகும்னு. அப்ப செல்வக்கனி வீட்டுல தனியா இருக்கா. எனக்குன்னா மனசு கேக்கல. கேன்சர்க்காரிய ஒத்தையில போட்டுட்டுப் போறாங்களே, ஒரு வாய் சுடுசோறு யாரு குடுப்பா? படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். எந்திரிச்சு அடுப்பைப் பத்தவச்சேன்.

அவளுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்புன்னா உசுரு. கத்திரிக்காயும் மொச்சையும் போட்டு வச்சேன். கொதிக்கையில தெருவே மணக்கணும். எனக்கு ஒரு வாசனையும் வரல. மூக்கைச் சட்டிக்கிட்டயே கொண்டு போய்ப் பாக்குறேன், ம்ஹும். கருவாட்டுக்காரி பழசைத் தலையில கட்டிட்டா, திருட்டு முண்ட. அவளை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே தூக்குவாளியில ஊத்திக்கிட்டுக் கெளம்பிட்டேன். பஸ் ஏது, ஆட்டோ ஏது? மூணு கிலோமீட்டரும் நடந்தேம்மா. அந்த வெயில்ல, மேலுவலியோட. இந்தக் காலத்துல எந்த நாத்தனா நடப்பா, சொல்லு?

போய்க் கயித்துக்கிட்ட நின்னு கூப்பிட்டேன். ஜன்னலுக்கு வந்தா. "மதினி, இந்த வெயில்லயா வந்தீங்க? வாளியில வச்சுட்டுப் போங்க மதினி, சர்மி வந்தா திட்டுவா"ங்குறா. எதிர்வீட்டு டீச்சரம்மா மாடியில நின்னு வேடிக்கை பாக்குறா. பாத்தவ முந்தானையால மூக்கைப் பொத்துறா. கருவாடுன்னா அவளுக்கு எளக்காரம். வாசனையே இல்லாத கருவாட்டுக்கு மூக்கைப் பொத்துறது என்னத்துக்கு? பகுமானம்.

எனக்கு வந்துச்சு பாரு ஆங்காரம். தூக்குவாளியக் கீழ வச்சேன், நடுத்தெருவுல உக்காந்தேன். மாருல அடிச்சுக்கிட்டேன். "எந்தம்பி வீட்டு வாசல்ல என்னையப் பிச்சைக்காரி மாதிரி நிப்பாட்டுறியேடி! ஒனக்குத் தாலி எடுத்துக் குடுத்தவ நானு! ஒம் மகளுக்குச் சடங்குல மொதத் தண்ணி ஊத்துனவ நானு! எனக்கு என்ன பெருவியாதியாடி வந்துருக்கு? நான் செத்தா எம் பொணத்தைப் பாக்க வரமாட்டியாடி?" விட்டேன் ஒரு சத்தம். தெருவுல அஞ்சாறு தலை எட்டிப் பாக்குது. ஜன்னல்ல அவ "மதினி, மெதுவா மதினி, எல்லாரும் பாக்குறாங்க மதினி"ன்னு கெஞ்சுறா. நான் விடுவேனா? இன்னும் ரெண்டு கட்டை ஏத்தி வச்சேன்.

கதவு தொறந்துருச்சு.

அவளே வந்து கயித்தை அவுத்து விட்டா. நான் உள்ள போயிட்டேன். முகமூடியா? வரும்போது போட்டிருந்தேன், வேர்வையில நனைஞ்சு போச்சு, கழட்டிச் சுருட்டி இடுப்புல சொருகிட்டேன். அவளைக் கிட்டக்கப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலை அத்துப் போச்சும்மா. மயிரில்லாத தல, புருவம் இல்ல, தோளு ரெண்டும் கம்பி மாதிரி. கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். நான் அழ, அவ அழ. சோத்தைப் பெசஞ்சு எங்கையாலேயே ஊட்டி விட்டேன். கேட்டு வாங்கித் தின்னாம்மா. "மணமா இருக்கு மதினி"ன்னா. அப்புறம் என் கையப் பிடிச்சு அவ கன்னத்துல வச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "மூணு மாசமா வெறுங்கையால யாரும் என்னையத் தொடல மதினி. சர்மி கையுறை போட்டுத்தான் தலைக்கு ஊத்துறா"ன்னு. கேட்டியா? பெத்த மக! அவளுக்கு வேண்டியிருந்தது மாத்திரையா, மனுசக் கையான்னு நீயே சொல்லு. ஒரு மணி நேரம் மடியில போட்டுத் தட்டிக் குடுத்துட்டு, அவங்க வர்றதுக்குள்ள வந்துட்டேன்.

அஞ்சாம் நாள் காய்ச்சல்னாங்க. ஆறாம் நாள் மதுரைக்குக் கொண்டு போனாங்க. டெஸ்ட்டு எடுத்தா கொரோனான்னு வந்துச்சாம்.

தம்பி எனக்குப் போன் போட்டான். "அக்கா, அன்னைக்கு நீ வீட்டுக்குள்ள போனியா?" அது ஒண்ணைத்தான் கேட்டான். எனக்கு இருமலா வந்துச்சு, போனைத் தள்ளிப் பிடிச்சு இருமிட்டு, "எதுக்குடா நான் போறேன், வாசலோட திரும்பிட்டேன்"னேன். பின்ன என்ன சொல்லச் சொல்ற? அந்த நேரத்துல, அவன் அலைச்சல்ல, அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

எனக்கும் ஊர்ல முகாம் போட்டு மூக்குல குச்சி விட்டானுங்க. எனக்கும் இருக்குன்னாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னானுங்க. நாலு நாள் கசாயம், ஒரு வாரம் கஞ்சி, பத்தாம் நாள் நான் எந்திரிச்சு மாவாட்டினேன். அறுபத்திரெண்டு வயசு எனக்கு. அவளுக்கு அம்பது முடியல. அதே நோயி. எனக்கு ஒண்ணும் ஆகல, அவளுக்கு மட்டும் ஆகுதுன்னா அது ஆஸ்பத்திரிக்காரன் பார்த்த லட்சணம். இல்லைன்னா அந்த ஊசி. நோய்க்குன்னு கண்ணா இருக்கு, இவ கேன்சர்க்காரி, இவளைக் கொல்லுவோம், அவ நல்லாருக்கா, அவளை விடுவோம்னு பாக்குறதுக்கு? இதைத்தான் டாக்டரே முன்னாடி சொன்னாருன்னு சர்மிளா சொல்லுவா. சொல்லட்டும்.

பதினோராம் நாள் போயிட்டா. பிளாஸ்டிக்குல சுத்தி, மதுரையிலயே எரிச்சுட்டாங்க. முகத்தைப் பாக்கல. கோடிச்சேலை போடல. ஒரு நாத்தனா முறைக்கு நான் செய்ய வேண்டியது எம்புட்டு இருக்கு? ஒண்ணும் செய்யல. பதினாறாம் நாள் போனேன். சர்மிளா வாசல்ல நிக்கிறா. எதிர்வீட்டு டீச்சரம்மா வத்தி வச்சுட்டாபோல, எல்லாத்தையும். நான் தெருவுல உக்காந்தது, கத்துனது, கதவு தொறந்தது, ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தது. ஊரு சங்கதின்னா டீச்சருக்குக் கணக்கு தப்பாது.

சர்மிளா அழல. கத்தவும் இல்ல. கத்தியிருந்தாக்கூட நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவ சொல்றா: "அத்தை, அன்னைக்குச் சாயந்திரம் வீடு பூரா கருவாட்டு வாசனை. நான் அம்மாகிட்ட கேட்டேன், யாரு வந்தான்னு. மதினி வாளியில வச்சுட்டு வாசலோட திரும்பிட்டாங்கன்னு சொன்னாங்க. அட்மிட் பண்ணுன அன்னைக்கு டாக்டர் கேட்டாரு, யாராவது வந்தாங்களா, கிட்டக்க பழகுனாங்களான்னு. இல்லைன்னாங்க. ஆக்சிஜன் வைக்கிறதுக்கு முன்னாடி நான் கடைசியா ஒரு தடவை கேட்டேன். மதினி வாசலோட போயிட்டாங்க சர்மி, அவங்கள ஒண்ணும் சொல்லாத, அப்படின்னாங்க."

நாங்க ரெண்டு பேரும் பேசி வைக்கலைம்மா. சத்தியமா பேசி வைக்கல. நான் சொன்ன பொய்ய அவ ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு சொல்லியிருக்கா.

யாரு கேட்டா அவள? எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி நான் கேட்டேனா? மூச்சு முட்டுறப்ப எவளாவது நாத்தனாளைக் காப்பாத்துவாளா? "ஆமா, அவதான் வந்தா, அந்தச் சண்டாளி வந்து கத்துனா"ன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நானும் இன்னைக்கு மண்டபத்துல நின்னு, "ஆமாடி, வந்தேன், என்னடி பண்ணுவ"ன்னு சட்டம் பேசியிருப்பேன். பேச விடல பாரு. கல்யாணம் கட்டி வந்த நாளையிலேர்ந்து கடைசி வரைக்கும் எனக்கு ஒரு சண்டையக் குடுக்கல அவ.

காரியாபட்டி தாண்டிருச்சா? ஆமா, தாண்டிருச்சு. இல்ல, ஒண்ணும் இல்ல, கண்ணுல தூசி. ஜன்னலைச் சாத்து.

கூறுகெட்டவ. அவ ஒரு பொம்பளையா? தெருவுல ஒருத்தி உக்காந்து கத்துனா, பயந்துக்கிட்டு கதவைத் தொறக்குறதா? டாக்டர் சொல்லியிருக்காரு, மக அட்டை எழுதித் தொங்க விட்டிருக்கா, உசுரு அவளோடது. போடி நாயேன்னு ஜன்னலைச் சாத்தியிருக்க வேணாமா? நான் என்ன பண்ணியிருப்பேன்? அரை மணி நேரம் கத்தியிருப்பேன். தொண்டை வறண்டா எந்திரிச்சுப் போயிருப்பேன். ஊரு பூரா அவளை நாறடிச்சிருப்பேன். "என் தம்பி பொண்டாட்டி இருக்காளே, திமிரு பிடிச்சவ, மூத்த நாத்தனாளுக்குக் கதவைத் தொறக்காதவ"ன்னு இன்னைக்கும் இந்த பஸ்சுல உக்காந்து உங்கிட்ட திட்டிக்கிட்டு வந்திருப்பேன். அவளும் மக கல்யாணத்துல மேடையில நின்னு, "வாங்க மதினி"ன்னு இருந்திருப்பா.